மர்னாவின் முழங்கை

ஜனவரி 3, செவ்வாய்

டெல்மர் காலை உடைத்துக்கொண்டான். ஏரியில் அல்ல. எங்கள் வீட்டு வாசற்படியில்.

உறைந்த ஏரியில் எப்படி நடப்பது, எப்படி ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டியை ஓட்டுவது, எங்கே நிற்கவே கூடாது என்று இருபத்தைந்து வருடமாக இந்தத் தீவுக்கே பாடம் நடத்துகிற மனிதன், என் புருஷன். கிறிஸ்துமஸ் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கியவன் மூன்றாவது படியில் சறுக்கினான். மரம் மேலே, அவன் கீழே. படியில் உப்புத் தூவு என்று காலையிலேயே சொன்னேன். "எனக்குத் தெரியாத பனியா?" என்றான். இப்போது நன்றாகத் தெரிந்துகொண்டான்.

சின்ன விமானத்தில் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணுக்காலுக்கு மேல் இரண்டு இடத்தில் உடைவு, மார்ச் வரைக்கும் மாவுக்கட்டு. டாக்டர் ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்க, இவன் என் கையைப் பிடித்துக் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப இந்த வருஷம் வரிசைய யாரு போடுறது?"

ஜனவரி 9, திங்கள்

படகுத்துறையில் மரங்கள் குவிய ஆரம்பித்துவிட்டன. பண்டிகை முடிந்ததும் வீட்டுக்கு வீடு மரத்தைக் கழற்றி அங்கே கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். ஏரி இறுகியதும் அந்த மரங்களைத்தான் இங்கிருந்து அக்கரை வரைக்கும் வரிசையாகப் பனிக்கட்டியில் நடுவோம். படகு ஓடாத இந்தச் சில வாரங்களில் எங்களுக்கு ரோடு அதுதான். பால் வாங்குவது, பல் பிடுங்குவது எல்லாம் அந்த வழியில் போனால்தான் உண்டு.

வரிசை போடத் தம்பியை அனுப்பலாம் என்கிறான் டெல்மர். ரோலி தங்கமானவன். ஐம்பது வயதாகிவிட்டது, ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் அவனுக்கு ஒரே ஒரு வேகம்தான் தெரியும். போன வருடம் யாரோ அவிழ்க்க மறந்த துணிக்கொடியில் கழுத்தைக் கொடுக்கப் பார்த்தவன்.

"நான் போடுறேன்," என்றேன்.

டெல்மர் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஏன், என்ன தப்பு? இத்தனை வருடமும் துளை போட்டது அவன். மரத்தைப் பிடித்து நிறுத்தி, கெட்டிப்படத் தண்ணீர் ஊற்றி, விரல் மரத்துப்போய் நின்றது நான். பெயர் மட்டும் 'டெல்மர் வரிசை'.

ஜனவரி 14

ஏரி உறைந்து மூடிவிட்டது. எழுந்து பார்த்தால் அலைச் சத்தமே இல்லை.

ஜனவரி 15

மேற்குக் காற்று. எல்லாவற்றையும் உடைத்துவிட்டது. டெல்மர் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டு, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஏதோ கப்பல் கேப்டன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அடிக்கடி மணி அடிக்காத குறையாக என்னைக் கூப்பிடுகிறான். காபி. தலையணை. "அந்தப் பக்கம் பார், நுரை தெரியுதா?" தெரிகிறது சாமி, தெரிகிறது.

ஜனவரி 22, ஞாயிறு

இந்த முறை கெட்டியாக மூடியிருக்கிறது. இன்று நடந்துபோய்ப் பார்த்தோம். முதல் தடவை வண்டி கூடாது, நடைதான்.

கடப்பாரையோடு நான் முன்னால். ரோலி ஒரு கயிறு நீளம் பின்னால். இருவர் இடுப்பிலும் அந்தக் கயிறு. மிதவை உடுப்புக்குள் நான் உப்பிப்போன தலையணை மாதிரி இருந்தேன். கழுத்தில் இரண்டு ஆணிப்பிடி; உள்ளே விழுந்தால் பனிக்கட்டியில் குத்திக் குத்தி மேலே ஏறுவதற்கு.

ரோலி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். "அண்ணி, நீங்க விழுந்தா நான் இழுக்கணும். நான் விழுந்தா நீங்க இழுக்கணும். இது என்ன கணக்குன்னு யோசிச்சிட்டே வர்றேன்."

"உன் எடைக்கு நான் கயித்த அறுத்துட்டு ஓடிருவேன். வாய மூடிட்டு வா, சத்தம் கேக்கணும்."

சத்தம்தான் எல்லாம். நல்ல பனிக்கட்டி 'டங்' என்கும். கெட்டது 'டொப்'. பாதி ஏரி வரைக்கும் டங், டங், டங் — கோயில் மணி மாதிரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு சாண் கனம், கறுப்புக் கண்ணாடி மாதிரி. அப்புறம் 'கழுத்து' வந்தது. இரண்டு மணல் திட்டுக்கு நடுவே தண்ணீர் அடியில் வேகமாக ஓடுகிற இடம். கடப்பாரை 'டொப்' என்றது. இரண்டாவது குத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. நாலு விரல்தான் இருந்தது.

வந்த தடத்திலேயே திரும்பினோம், கால் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து.

ஜனவரி 24, செவ்வாய்

வரிசை போட்டு முடித்தேன். தோள் இரண்டும் போய்விட்டது.

நேராகப் போடவில்லை. கழுத்துக்கு முன்னாலேயே தெற்கே திருப்பி, பெரிய வட்டம் அடித்து, அந்தப் பக்கம் நல்ல கட்டியில் சேர்த்திருக்கிறேன். டெல்மரின் வரிசை எப்போதும் எங்கள் சர்ச் கோபுரத்திலிருந்து அக்கரைத் தண்ணீர்த் தொட்டிக்கு நேர்கோடு. நான் திருப்பிய அந்த நிமிடமே இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி ரேடியோ கத்தியது.

"மர்னா, எங்க போற? தொட்டியப் பாரு. நேரா போ."

"நேரா போனா நாலு விரல்தான் இருக்கு."

"நாளைக்கு ஆறு விரல் ஆயிரும். நான் சொல்றேன்ல."

"அப்ப நாளைக்கு நீயே வந்து போடு."

அந்த ரேடியோவை ஊரே கேட்கும் என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கழுத்தை அவனுக்குத்தான் தெரியுமாம். தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடப்பாரை என் கையில் இருந்தது. பைனாகுலரில் பனிக்கட்டியின் கனம் தெரியுமா?

ஜனவரி 29, ஞாயிறு

ரோடு திறந்தாயிற்று. காலையில் ரேடியோவில் வழக்கமாக டெல்மர் சொல்வதை நான் சொன்னேன். மரம் வலது கைப்பக்கமே இருக்கட்டும், போகும்போதும் வரும்போதும். பகலிலும் விளக்கு எரியட்டும். இரண்டு வண்டி ஒட்டிப் போகாதீர்கள். பனியும் தண்ணீரும் கலந்த சேற்றில் சிக்கினால் ஆக்ஸிலேட்டரை விடாதீர்கள், நின்றால் போச்சு. குடித்தவன் இந்தப் பக்கமே தங்கட்டும். காற்றில் அடுத்த மரம் தெரியவில்லையா, இருக்கிற மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டு கூப்பிடுங்கள்.

"பாதிரியார் தோத்துப்போனாரு போ," என்றாள் கடைக்காரி பெர்னிஸ். "நான் எழுந்து நின்னு ஆமென் சொல்லிட்டேன்டி."

ஆனால் வளைவைப் பற்றி முணுமுணுப்புதான். சுற்றிப் போக நேரம் ஆகிறது, பெட்ரோல் ஆகிறது. பெயர்கூட வைத்துவிட்டார்கள் — 'மர்னாவின் முழங்கை'. பெர்னிஸ் கடையில் சீட்டாடுகிற கூட்டம் என்னைப் பார்த்ததும் முழங்கையை மடக்கிக் காட்டுகிறது. நானும் மடக்கிக் காட்டினேன், அவர்களுக்கு இடிக்கிற மாதிரி.

சிரித்துவிட்டு வந்தேனே தவிர, சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது கை ஓடவில்லை. இருட்டுகிற நேரத்துக்கு அக்கரையிலிருந்து திரும்புகிற வண்டி விளக்குகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் வளைவில் திரும்புகிற வரைக்கும் மூச்சு விட முடியவில்லை. யாராவது உள்ளே போய்விட்டால்? என் மரத்தை நம்பிப் போனவர்களாக இருந்தால்? இல்லை, நம்பாமல் நேராகப் போனவர்களாக இருந்தால்?

டெல்மருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா இத்தனை வருடமும்? ஒரு நாளும் சொன்னதில்லையே.

பிப்ரவரி 2

நன்றாகக் குளிர்கிறது. கறியும் கிழங்கும் அடைத்துப் பாஸ்டி சுட்டேன். டெல்மர் நாலு சாப்பிட்டுவிட்டு, கால் உடைந்தவனுக்குத் தெம்பு வேண்டும் என்கிறான். மெல்லுவது காலா?

பிப்ரவரி 4, சனி

இரண்டாவது வரிசை!

அஞ்சல் பை எடுத்துவர அக்கரைக்குக் கிளம்பினேன். வளைவு தொடங்குகிற இடத்துக்கு வந்தால், என் மரங்கள் தெற்கே போகின்றன, இன்னொரு வரிசை மரங்கள் நேராகக் கழுத்தின் குறுக்கே போகின்றன. ஒழுங்காக, ஒரே இடைவெளியில், துளை போட்டுத் தண்ணீர் ஊற்றி நட்டிருக்கிறது. விளையாட்டுக்குச் செய்த வேலை இல்லை.

பிடுங்கி எறிய வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஆனால் கூடாது. எங்கள் ஏரியில் நட்ட மரத்தை நட்டவர்தான் எடுக்கலாம். சாய்ந்திருந்தால் யார் வேண்டுமானாலும் நிமிர்த்தலாம், பிடுங்கக்கூடாது. அதை நம்பி யாராவது எங்கேயோ வந்துகொண்டிருக்கலாம் அல்லவா? எனக்குத் தெரிந்து யாரும் இதை மீறியதில்லை. அதே மாதிரி, ஒரு வரிசை இருக்கும்போது யாரும் இன்னொன்று போட்டதும் இல்லை.

ரேடியோவில் கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. பெர்னிஸ் கடையில் ரோலி காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி."

"நான் இன்னும் கேக்கவே இல்லையேடா."

டெல்மரிடம் சொன்னேன். "எவனாவது அவசரக்குடுக்கையா இருக்கும்," என்றான், குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

பிப்ரவரி 8, புதன்

இப்போதுதான் ஏரியிலிருந்து வந்தேன். எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பியது. வானமும் ஏரியும் ஒரே வெள்ளை. கிர்ஸ்டன் அந்த நேரத்தில்தான் நடு ஏரியில். அக்கரையிலிருந்து வாரா வாரம் வருகிற நர்ஸ். சின்னப் பெண், வண்டி ஓட்டப் பழகியே ஒரு மாதம்தான் ஆகிறது. சமையலறை ரேடியோவில் அவள் குரல் வந்தது.

"மர்னா, நான் மரத்தடியில உக்காந்திருக்கேன். நீங்க சொன்ன மாதிரியே. ஆனா எந்த வரிசைன்னு தெரியல. ஒரு மரம் இங்க இருந்துச்சு, அடுத்தது அங்க இருந்துச்சு, மாறி மாறி வந்துட்டேன்."

"எங்கயும் போகாத. என்ஜின அணைச்சிட்டியா? வண்டிக்கு மறைவுல உக்காரு."

"உக்காந்துட்டேன். பயமா இருக்கு, ஆனா நல்லாத்தான் இருக்கேன்."

எந்த வரிசை என்று தெரியாமல் நான் எந்தப் பக்கம் போவது? யோசித்துவிட்டு, "அந்த மரத்துல ஏதாவது இருக்கா பாரு," என்றேன். "ஜிகினா, நூலு, ஏதாவது."

தடவித் தேடிவிட்டுச் சொன்னாள்.

"சோளப்பொரி கோத்த சரம் ஒண்ணு இருக்கு. சிவப்பு நூல்ல. பாதியக் காக்கா தின்னுருச்சு."

சிவப்பு நூல். நான் கோத்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து கோத்தது. படியில் விழுந்த அந்த மரத்திலிருந்து கழற்ற வராமல் விட்டது. கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மரம்.

திரும்பி டெல்மரைப் பார்த்தேன். அவன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது பேச நேரம் இல்லை. ரோலியைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினேன். மரத்துக்கு மரம், ஆமை வேகம். அடுத்த மரம் தெரிகிற வரைக்கும் இந்த மரத்தை விடுவதில்லை. பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி, கடப்பாரையோடு நேர் வரிசையில் நடந்தேன்; காற்று இரைச்சலில் டங்கா டொப்பா என்றே கேட்கவில்லை. கயிற்றின் அந்த முனையில் ரோலி. இந்த முறை அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

கிர்ஸ்டன் எங்கள் வீட்டு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இமையெல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்ததும், "டெல்மர் கட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவளை நடத்திக் கூட்டிவந்தோம். இப்போது பெர்னிஸ் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 9

பேசவில்லை.

எப்படி மனசு வந்துச்சு இவனுக்கு? என் வரிசை பிடிக்கலைன்னா என்கிட்ட சண்டை போடட்டும், தட்ட எறியட்டும். தம்பிய விட்டு, எனக்குத் தெரியாம, எங்க வீட்டு மரத்தையே — அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா? என் மூஞ்சியப் பாத்து 'அவசரக்குடுக்கை'ன்னு சொன்னானே!

காபியை ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். ஒற்றைக் காலில் நின்று எட்டி எடுக்கட்டும். எடுத்தான். பாதி தலையில் கொட்டியது. இரண்டு பேருமே சிரிக்கவில்லை. நான் குளியலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

காற்று அடங்கி, வெயில். கோட்டை அவன் மேல் எறிந்து, "கிளம்பு," என்றேன். இரண்டு நாளில் நான் பேசிய முதல் வார்த்தை.

"எங்க?"

"கழுத்துக்கு."

மாவுக்கட்டுக்கு மேல் குப்பைப் பையைச் சுற்றி, போர்வையால் மூடி, சாமான் இழுக்கிற பெட்டிவண்டியில் உட்காரவைத்து என் வண்டிக்குப் பின்னால் கட்டினேன். தீவின் பெரிய தெரு வழியாக மெதுவாகப் போனேன். வேண்டுமென்றேதான். பெர்னிஸ் கடை வாசலில் கூட்டமே வெளியே வந்து நின்றது. "மர்னா, உருளைக்கிழங்கு மூட்டைய எங்க கொண்டுபோற?" என்று எவனோ கத்தினான். உருளைக்கிழங்கு மூட்டை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ திட்டியது.

பிரிகிற இடத்திலிருந்து கயிறு கட்டி, தட்டித் தட்டி நடந்துதான் பெட்டியை இழுத்துப் போனேன். கழுத்தின் நடுவில், எங்கள் மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, கடப்பாரையை அவன் கையில் கொடுத்தேன். "அடி."

உட்கார்ந்தபடியே அடித்தான். டங்.

மறுபடி அடித்தான். டங். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எங்கே அடித்தாலும் டங். பனி துளைக்கிற திருகைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சாணுக்கு மேலேயே இருந்தது. இந்தக் குளிரில் கெட்டியாகிவிட்டிருக்கிறது.

எல்லாரையும் இத்தனை நாள் சுற்றவிட்டது வீணா? அவன் சொன்ன மாதிரி நேராகவே வந்திருக்கலாமா? அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். உதடு வரைக்கும் வந்தது சிரிப்பு, பார்த்தேன். அப்புறம் அவன் தலையைத் திருப்பினான். அவன் மரங்கள் நேராக. என் மரங்கள் வளைந்து, தூரத்தில். இரண்டுக்கும் நடுவில் கிர்ஸ்டனின் வண்டித் தடம் போயும் வந்தும், சுற்றியும் கிடந்தது.

"இந்தத் தடத்தப் பாரேன்," என்றான். "ஒரு வரிசை கோணலா இருந்தாலும் ஊரு போய்ச் சேரும். ரெண்டு இருந்தா எவனும் சேரமாட்டான். எனக்குத் தெரியாதா இது? எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவன் நான்தான்."

"அப்புறம் ஏன்டா செஞ்ச?"

"ஜன்னல்ல உக்காந்து பாத்துட்டே இருந்தேன், மர்னா. கேலி பண்றாங்க, முழங்கைங்கிறாங்க, ஆனா ஒருத்தன்கூட நேரா போகல. அத்தன பயலும் உன் மரத்தச் சுத்தித்தான் போனான். ஒருத்தனாவது... எனக்குத் தாங்கல. அவ்ளோதான்."

ஒருத்தன்கூட நேராகப் போகவில்லையா! பாத்திரம் கழுவிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றேனே, இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா?

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். பாதி போயிற்று.

அவன் எங்கள் மரத்தின் அடியைக் கடப்பாரையால் கொத்த ஆரம்பித்தான். பெட்டியில் உட்கார்ந்தே கொத்துவது சுலபமில்லை. இரண்டு தடவை கவிழ்ந்தான். எங்கிருந்தோ மோப்பம் பிடித்து ரோலி வந்து சேர்ந்தான். "நட்டது நான்தானே, நான் எடுக்கிறேன்," என்றான்.

"நடச் சொன்னது நானு. தள்ளி நில்லு," என்றான் அண்ணன்.

மரத்துக்கு மரம் நான் இழுத்துப் போக, அவன் கொத்த, சாயங்காலம் ஆகிவிட்டது. பிடுங்கிய மரங்களை வேறெங்கே வைப்பது? அவன் மேலேயே அடுக்கினோம். திரும்பி வரும்போது பெட்டிக்குள் ஹெல்மெட் மட்டும்தான் தெரிந்தது. கடை வாசலில் யாரும் கத்தவில்லை. பெர்னிஸ் மட்டும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டாள், சவ ஊர்வலத்துக்கு வைக்கிற மாதிரி. உள்ளேயிருந்து, "நான் இன்னும் சாகல பெர்னிஸ்," என்று குரல் வந்தது.

பிப்ரவரி 12, ஞாயிறு

என் வரிசையில் வளைவை எடுத்துவிட்டு நேராக்கிவிடலாமா என்று டெல்மரைக் கேட்டேன். "நட்டது நீ," என்றான்.

இரண்டு நாளாக யோசிக்கிறேன். இப்போது கெட்டிதான். ஆனால் மேலே பனி நிறைய விழுந்தால் போர்வை போர்த்தின மாதிரி சூடு பிடித்து, அடியில் ஓடுகிற தண்ணீர் அரித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் வளைவு இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். இது ஜாக்கிரதையா, வீம்பா? கொஞ்சம் இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. யாருக்கும் சொல்லவில்லை.

பிப்ரவரி 21

பனி, பனி, பனி. ரோலி வளைவில் ஒழுங்காகத் திரும்புகிறான். விளக்கை வைத்தே கண்டுபிடிக்கிறேன், அவன் விளக்கு மட்டும் இன்னும் அவசரமாக வரும். கழுத்தில் இப்போது எவ்வளவு கனம் என்று யாருக்கும் தெரியாது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. யாரும் விழவுமில்லை. நான் சொன்னது சரியா தப்பா என்று கடைசி வரைக்கும் தெரியாமலே ஏரி உருகிவிடும் போலிருக்கிறது. உருகட்டும். தெரிய வேண்டுமென்றால் யாராவது விழ வேண்டுமே.

மார்ச் 1, புதன்

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் வெள்ளை முள்ளங்கி மாதிரி இருக்கிறது. டாக்டர் வண்டி ஓட்ட இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். டெல்மர் இரண்டு நாள் என்று காதில் வாங்கிக்கொண்டான்.

மார்ச் 3, வெள்ளி

அக்கரை சர்ச்சில் தவக்கால மீன் விருந்து. நானும் பெர்னிஸும் மத்தியானமே போய் மீன் பொரித்துக்கொண்டிருந்தோம். டெல்மர் சாயங்காலம் ரோலியின் பெட்டியில் உட்கார்ந்து வருவதாகப் பேச்சு.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ரேடியோவில் ரோலி. "அண்ணி, நான் சொல்லிப்பாத்துட்டேன், கேக்கல. முன்னால அவன் வண்டியில வர்றான். நான் தள்ளிப் பின்னால வர்றேன்."

கரண்டியைப் பெர்னிஸ் கையில் திணித்துவிட்டுக் கரைக்கு ஓடினேன். தூரத்தில் இரண்டு விளக்கு, நல்ல இடைவெளியில். முன் விளக்கு அவனுடையது. வளைவு தொடங்குகிற இடம் வரைக்கும் வந்தது. நின்றது.

நின்றுகொண்டே இருந்தது. தண்ணீர்த் தொட்டி எனக்குப் பின்னால், சிவப்பு விளக்கோடு. அங்கிருந்து அதைப் பார்த்தால் கையெட்டும் தூரம் மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் அவன் அதைப் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறான். இப்போது பிரிகிற இடத்தில் ஒரு மரம்கூட அவனுக்கு நேராக இல்லை. கடவுளே, அந்தப் பக்கம் போகாதே என்று வாய்விட்டே சொன்னேன்.

விளக்கு தெற்கே திரும்பியது. மெதுவாக, ஒவ்வொரு மரமாக, முழங்கை முழுவதையும் சுற்றிக்கொண்டு வந்தது.

வந்து இறங்கினான். மீசையெல்லாம் பனி.

"என்ன இவ்ளோ நேரம்? மீன் ஆறிப்போச்சு," என்றேன்.

"ரோடு வளைஞ்சுல்ல போகுது," என்றான். நொண்டிக்கொண்டே உள்ளே போய், கூட்டத்தில் எங்களுக்கு இடம் பிடித்தான்.

அவன் எதற்காக அங்கே அவ்வளவு நேரம் நின்றான் என்று ரோலியைக் கேட்டேன். முதல் மரம் காற்றில் சாய்ந்திருந்ததாம். அண்ணன் அந்தக் காலோடு இறங்கி, அதை நிமிர்த்தி, சுற்றிலும் பனியை மிதித்துக் கெட்டியாக்கிவிட்டுத்தான் வண்டியில் ஏறினானாம்.